கல்யாணப் படம் அச்சிட்ட பை

1

இந்தத் தை மாதம், எங்கள் கல்யாண நாளன்று, என் மகள் இந்த நாட்டுக்காரி இல்லை என்று ஓர் அலுவலகத்தில் மூன்றாம் முறையாகச் சொன்னார்கள். சொன்ன அம்மாவுக்கு என் கைப்பை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. தன் அம்மாவின் பிறந்தநாளுக்கு அதேபோல் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். இரண்டும் ஒரே கவுன்டரில், ஒரே ஐந்து நிமிடத்துக்குள் நடந்தன. அன்றிலிருந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன்.

நான் கரூர்க்காரி. சமையலறைத் துண்டும் திரைச்சீலையும் தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள். கல்யாணமாகி மலாய் நாட்டில் இருக்கும் கிள்ளானுக்கு வந்தேன். இப்போது துறைமுகத்துப் பக்கம் பண்டமாரானில் குடியிருக்கிறோம். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பழைய குடும்பப் படங்களைத் துணியில் அச்சடித்துப் பை தைத்து விற்கிறேன். என் வீட்டுக்காரர் சேகரன் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே பெண், ஷாமினி. பதினெட்டு வயது.

சேகரனிடம் நீல ஐசி இருக்கிறது. ஐசி என்றால் அடையாள அட்டை, நீலம் என்றால் குடிமகன். என்னுடையது சிவப்பு. நிரந்தரமாகத் தங்கலாம், ஓட்டுப் போட முடியாது. ஷாமினிக்கு எந்த நிறமும் இல்லை. அவள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். சிங்கப்பூர் எல்லையைக்கூடத் தாண்டியதில்லை. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகள் அல்ல' என்று அச்சடித்திருக்கிறது.

2

எப்படி இப்படி ஆனது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இன்னொரு முறை சொல்கிறேன்.

எங்கள் கல்யாணம் கிள்ளானில் ஒரு முருகன் கோயிலில் நடந்தது. நாதஸ்வரம், தவில், ஐயர், அக்கினி, அம்மி என்று ஒன்றும் குறையில்லை. மண்டபம் நிறைந்து வாசலிலும் பந்தி போட்டார்கள். கரூரிலிருந்து அப்பாவும் தம்பியும் வந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு யாராவது வந்து "இவளுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை" என்று சொல்லியிருந்தால், என் மாமனார் அந்த ஆளைப் பந்தியில் உட்கார விட்டிருக்க மாட்டார்.

ஆனால் சட்டம் அதைத்தான் சொன்னது. இங்கே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம். அதற்கு, ஊரில் எனக்கு ஏற்கெனவே கல்யாணமாகவில்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அது தாசில்தார் ஆபீசில் கொஞ்ச நாள் தூங்கியது. நோட்டரியிடம் போய்த் திரும்பியது. முத்திரை சரியில்லை என்று மறுபடியும் கப்பலேறாத குறையாகக் கரூருக்கே போனது. எங்கள் பக்கம் யாரும் பதறவில்லை. "கோயில்ல தாலி ஏறிடுச்சு. பேப்பர்தானே, மெதுவா போட்டுக்கலாம் லா" என்றார்கள், இந்த ஊர்ப் பேச்சின் முடிவில் வருகிற 'லா'வோடு. இந்த ஊர்த் தமிழர்களில் முதலிலேயே கையெழுத்துப் போட்டவர்கள்கூட, கோயிலில் தாலி ஏறும்வரை தனித்தனி வீட்டில்தான் இருப்பார்கள். கையெழுத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. தாலிதான் கல்யாணம். நாங்களும் அப்படி நம்பினோம். அதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சான்றிதழ் வருவதற்கு முன்னால் ஷாமினி வந்துவிட்டாள். அவளை மடியில் வைத்துக்கொண்டுதான் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். அந்த மனிதர் குழந்தையின் கன்னத்தைத் தட்டி வாழ்த்துச் சொன்னார். அவர் வாழ்த்திய குழந்தையைத்தான், பெற்றோருக்கு மணமாவதற்கு முன்பு பிறந்தவள், ஆகவே தகப்பனின் குடியுரிமை அவளுக்குச் சேராது, தாயைப் போல அவளும் அந்நியள் என்று எழுதினார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைக்கு மலாயில் ஒரு சொல் உண்டு. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அக்கினியைச் சுற்றி வந்தவள் பெற்ற பிள்ளைக்கு அந்தச் சொல்.

3

பைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் கிள்ளானில் வெள்ளம் வந்து எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆல்பங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன. என் மாமியாரின் படங்களை மட்டும் நான் அதற்கு முன்பே போனில் எடுத்து வைத்திருந்தேன். அவற்றைக் கேன்வாஸ் துணியில் அச்சடித்து, "இது நனைஞ்சா காயப் போட்டுக்கலாம் அத்தை" என்று ஒரு பை தைத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே ஆட்கள் ஒட்டிய ஆல்பங்களோடு வாசலில் நின்றார்கள்.

அதன்பின் வேலை ஓயவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிய அப்பா, ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் வரிசையாக நிற்கிற ஆறு பிள்ளைகள், வாடகைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் விறைத்து நிற்கிற மாப்பிள்ளை என்று எத்தனையோ முகங்கள் என் மெஷின் ஊசிக்குக் கீழே போயிருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிரின்டிங் கடையில் படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு வருவேன். அதைத் துணிமேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தினால் முகங்கள் துணிக்கு ஏறிவிடும்.

நம் ஆட்களின் சட்டதிட்டங்கள்தான் தனி. செத்தவர் படமும் உயிரோடு இருப்பவர் படமும் பையின் ஒரே பக்கத்தில் வரக்கூடாது. அப்பா முகத்தில் ஊசி ஏறக்கூடாது. கழுத்து தையலில் மாட்டக்கூடாது, ஆயுசுக்கு ஆகாதாம். சாலாக் செலாத்தானில் இருந்து வரும் ஒரு ஆன்டி, காலமான தன் புருஷன் படம் போட்ட பையை ரயிலில்கூடத் தரையில் வைக்க மாட்டார். அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, காய்கறியை வேறொரு பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு போவார். "அப்ப இந்தப் பை எதுக்கு ஆன்டி?" என்றால், "இவரத் தூக்கத்தான்" என்பார்.

இந்த வேலையில் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. தாளில் படத்தை இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல எடுக்க வேண்டும். அப்போதுதான் துணியில் நேராக விழும். மறந்துவிட்டால் சேலை முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், இடது கைக்காரர் வலது கைக்காரர் ஆகிவிடுவார். மற்றவர்கள் படத்தில் நான் ஒரு நாளும் தவறியதில்லை.

4

இனி ஷாமினியைப் பற்றி.

அவளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கவில்லை. மலாய்ப் பள்ளியில் போட்டால், பின்னால் ஐசி கேட்கும்போது 'இவள் இந்த மண்ணோடு ஒட்டிவிட்டாள்' என்று பார்ப்பார்கள் என நினைத்தோம். ஒட்டினாள். நன்றாகவே ஒட்டினாள். மலாய் இலக்கணத்தில் வாத்தியாரையே திருத்துவாள். சுதந்திர மாதம் வந்தால் 'என் தாய்நாடு' என்று மேடையேறிப் பேச அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பேசுவதைக் கேட்டு டீச்சர்கள் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கைதட்டுவதா அழுவதா என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பன்னிரண்டு வயதில் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஐசி எடுக்கப் போனார்கள். இவள் அன்றைக்கு வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். நெட்பால் ஆட்டத்தில் மாநில அணிக்குத் தேர்வானாள். ஐசி எண் கேட்டார்கள், அத்தோடு பந்தைத் தொடவில்லை. ஐந்தாம் பாரம், அதாவது பள்ளிப் படிப்பு, முடித்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். தோழிகள் அரசாங்கக் கல்லூரிகளுக்கு மனுப் போட்டார்கள். இவள் என்னோடு உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் வைத்தாள். பேங்கில் கணக்குத் திறக்க முடியாது, கார் லைசன்ஸ் எடுக்க முடியாது, முறையாக ஒரு வேலைக்குப் போக முடியாது. ஜிப் வைக்கலாம். ஜிப்புக்கு ஐசி வேண்டாம்.

கொஞ்சம் கொஞ்சமாக என்னோடு தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கோபம் வந்தால் மலாய். ரொம்பக் கோபம் வந்தால் ஆங்கிலம். கோபம் எல்லை மீறிவிட்டால்தான் தமிழ் வரும், அதுவும் "மம்மி, நீங்க ஏன் அப்பவே சைன் போடல?" என்கிற ஒரே ஒரு கேள்விதான். எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு வேண்டியது பதில் இல்லை.

கூடத்தில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தை அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு நாள் அது இருந்த இடத்தில் நாள்காட்டி தொங்கியது.

5

மூன்றாவது மனுவின் முடிவைத் தெரிந்துகொள்ள வரச் சொன்ன தேதி எங்கள் கல்யாண நாளாக அமைந்தது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு பை தைத்தேன். முன்பக்கம் முழுக்க எங்கள் கல்யாணப் படம். அவசர அவசரமாக அச்சடித்து, தைத்து, எல்லாப் பத்திரங்களையும் அதற்குள் வைத்துக்கொண்டு போனேன். சேகரனுக்கு அன்றைக்குக் கப்பல் சரக்கு, லீவு கிடைக்கவில்லை. நானும் ஷாமினியும் போனோம்.

காத்திருக்கும் வரிசையில் பக்கத்தில் ரவாங்கில் இருந்து வந்த ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய மகனுக்கும் இதே வழக்கு. சும்மா இருக்கப் பிடிக்காமல் என் பையைப் பார்த்தார்.

"இது நீயாம்மா? அழகா இருக்க. ஆனா ஏன் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் ஒக்காந்திருக்க? தாலி கட்டறதுக்கு முன்னாடி எடுத்ததா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தேன். என் முந்தானை வலது தோளில் கிடந்தது. படத்தை மாற்றி எடுக்க மறந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் என் படத்தில் கோட்டை விட்டிருக்கிறேன். மணவறையில் பெண்ணை முதலில் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் உட்கார வைப்பார்கள், தாலி ஏறிய பிறகு இடப்பக்கம் மாற்றி உட்கார வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் படம் அப்படி மாறிய பிறகு எடுத்தது. பையில் நான் மறுபடியும் வலப்பக்கம் போய்விட்டேன், தாலி ஏறாத பெண்ணாக.

ஷாமினி எட்டிப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "பாத்தீங்களா மம்மி, பையும் இந்த ஆபீஸ் சைடுதான்" என்றாள். ரவாங் அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கவுன்டரில் இருந்தவர் முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண். என்னைவிடச் சின்னவர். முகத்தில் எரிச்சலே இல்லை. கடிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். 'வெற்றி பெறவில்லை' என்று இருந்தது. பரீட்சை முடிவைப் போல அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. "பிறக்கும்போது அம்மா அப்பாவுக்குப் பதிவுத் திருமணம் ஆகவில்லை, கக்காக்" என்றார். கக்காக் என்றால் அக்கா. மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே அவர் கண் கவுன்டர் மேல் இருந்த பைக்குப் போனது.

"இது கக்காக்கோட கல்யாணமா?"

"ஆமாம், புவான்" என்றேன். புவான் என்றால் மேடம்.

"எவ்வளவு அழகு! மாலை, நகை, எல்லாம். நீங்களே தைத்ததா?"

அந்தக் கல்யாணம்தான், புவான், இப்போது நடக்கவில்லை என்று நீங்கள் சொன்ன கல்யாணம் என்று சொல்ல நினைத்தேன். என் மலாய், சந்தையில் மீன் பேரம் பேசப் போதும். சண்டை போடப் பத்தாது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தன் அம்மாவுக்குப் பை கேட்டார், என் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் ஷாமினி அங்கே இல்லை. வெளியில் படிக்கட்டில் உட்கார்ந்து, ரிசல்ட் கடிதத்தைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள்.

6

அந்த அம்மா மறுநாளே படங்களை அனுப்பிவிட்டார். நான் தைக்கவே போவதில்லை என்று இருந்தேன். சேகரன்தான் சொன்னார், "செஞ்சு குடு அமுதா. நல்லா செஞ்சு குடு. ஆள் பழகிட்டா ஏதாச்சும் வழி சொல்வாங்க."

"அவங்க கையில என்ன இருக்கு?"

"யாரு கையில என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? நான் வேற என்ன செய்யறது, சொல்லு. லோரிய கொண்டுபோய் அந்த ஆபீஸ் வாசல்ல நிறுத்தட்டுமா?"

ஷாமினி சமையலறையில் இருந்தே கேட்டாள், "வெட்கமா இல்லயா மம்மி உங்களுக்கு? நம்மள வேணாம்னு சொன்னவங்க குடும்பத்த தைச்சுக் குடுக்க?"

"வெட்கப்பட எனக்கு நேரமில்லடி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இருபத்தொரு வயது தாண்டிவிட்டால் இந்த வழியில் மனுப் போடவே முடியாது. ஒவ்வொரு மனுவுக்கும் பதில் வர வருஷங்கள் ஆகின்றன. எனக்கு இருந்தது இன்னும் ஒரே ஒரு தடவை.

படத்தில் அந்த அம்மாவின் பெற்றோர் ஒரு கம்பத்து வீட்டில், அதாவது மலாய்க் கிராமத்து வீட்டில், கல்யாணக் கோலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் காகிதப் பூ அலங்காரம், சுற்றிலும் மடக்கு இரும்பு நாற்காலிகள். எங்கள் கல்யாணத்திலும் அதே நாற்காலிகள்தான். அந்தக் கவுன்டர்க்காரப் பெண்ணும் அப்படி ஒரு கல்யாணத்தில்தான் தொடங்கியிருக்கிறாள், அவளைப் பெற்றவர்கள் அப்போது யாரும் கேட்காமலே சரியான தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை மாற்றி எடுத்தேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். உள்ளே நல்ல சாட்டின் லைனிங் வைத்தேன். கேட்காத உள்பாக்கெட் ஒன்றும் வைத்தேன். மனசுக்குள் கெஞ்சிக்கொண்டேதான் தைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு பை தைத்ததில்லை.

7

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் பெரிய ரயில் நிலையத்தில் பையை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஷாமினியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவளை நேரில் பார்த்தால் மனசு இளகும் என்று எனக்கு ஒரு கணக்கு. அந்த அம்மா தன் தாயாரோடு வந்திருந்தார். வயதான அந்தப் பெண்மணி பையில் தன் கல்யாண முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். காலமான புருஷன் முகத்தை விரலால் தடவினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

காசை நீட்டினார். வேண்டாம் என்றேன். "வாங்கிக்கொள்ளுங்கள் கக்காக். இல்லாவிட்டால் எனக்குத் தப்பாகிவிடும். இது வேறு, அது வேறு" என்றார். நேர்மையான பெண். அந்த நேர்மைதான் என்னை உடைத்தது. இத்தனை நல்ல மனுஷியிடமே வழியில்லை என்றால் வேறு எங்கே போவேன்?

"தோலோங், புவான்" என்றேன். உதவி செய்யுங்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல். "என் மகள், புவான். இவள்தான். பாருங்கள்." அதற்குமேல் மலாய் வரவில்லை. தமிழ் வந்தது. "நான் தாலி கட்டிப் பெத்த பொண்ணுங்க. வேற ஊரு தெரியாதுங்க இவளுக்கு." சொல்லிக்கொண்டே அவர் காலில் விழுந்துவிட்டேன்.

நம் ஊரில் கெஞ்சுகிறவர்கள் கடைசியில் செய்வது அதுதான். யோசித்துச் செய்யவில்லை, உடம்பே செய்துவிட்டது. ஆனால் அவர் முஸ்லிம். மனுஷர் காலில் மனுஷர் விழுவதை அவர்கள் பொறுக்க மாட்டார்கள். தீயை மிதித்ததுபோலப் பின்னால் நகர்ந்தார். "வேண்டாம் கக்காக், வேண்டாம், பாவம் இது!" என்று அலறினார். அவருடைய தாயார் பயந்துபோய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுற்றிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பாதுகாவலர் ஒருவர் ஓடி வந்தார்.

ஷாமினிதான் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அழவில்லை. சுத்தமான மலாயில் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாதான் அழுதார். "நான் எதையும் முடிவு செய்வதில்லை, தங்கச்சி. மேலே இருந்து வருவதை வாசித்துச் சொல்கிறேன். அவ்வளவுதான் என் வேலை" என்று ஷாமினியிடம் சொன்னார். ஷாமினி, "தெரியும், புவான்" என்றாள்.

8

கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். ஷா ஆலம் தாண்டிய பிறகு, ஷாமினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"நான் இந்தியா பாஸ்போர்ட்டுக்குப் போடறேன் மம்மி."

அதைப் பற்றி ஒரு வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். நான் இன்னும் இந்தியப் பிரஜைதான் என்பதால் என் வழியில் அவளுக்கு அது கிடைக்கும். ஆனால் அதை எடுத்துவிட்டால் இங்கே அவள் வழக்கு முடிந்தது. வேறொரு நாடு இருக்கிறவளுக்கு இந்த நாடு எதற்கு என்று கேட்டுவிடுவார்கள். அதனால்தான் அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே நான் விட்டதில்லை.

"இன்னொரு தடவ போடலாம்டி. டைம் இருக்கு" என்றேன்.

"இருக்கு. நீங்க இன்னொரு தடவ யாரு கால்லயாச்சும் விழுவீங்க. நான் நின்னு பாக்கணுமா?"

"விழறேன். எனக்கென்ன? ஆயிரம் பேரு கால்ல விழறேன்."

"எனக்கு முடியல மம்மி." குரல் அப்போதுதான் உடைந்தது. "பொறந்ததுல இருந்து ப்ளீஸ் ப்ளீஸ்னு கேட்டுட்டே இருக்கோம். போதும் லா."

"அங்க உனக்கு யாரத் தெரியும்?"

"கரூர் மாமா இருக்காரு. நர்சிங் படிக்கறேன். அங்க சீட்டு குடுத்தா குடுக்கட்டும்."

"தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது உனக்கு."

"கத்துக்கறேன். நீங்க இங்க வந்து மலாய் கத்துக்கலயா?"

நான் என் இஷ்டப்படி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, மேளத்தோடு வந்தவள். அவளை இங்கிருந்து தள்ளுகிறார்கள். இரண்டும் ஒன்றா? கேட்டிருக்கலாம். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பத்து வருஷமாக அப்படிச் சாயாதவள். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

9

பாஸ்போர்ட் வர மாதங்கள் ஆயின. இந்தியத் தூதரகத்திலும் கவுன்டர், அங்கேயும் எண், அங்கேயும் நகலுக்கு நகல். மகள் இந்தியப் பிரஜையாவதில் தகப்பனுக்கு ஆட்சேபணை இல்லை என்று சேகரன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனா மூடியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார்.

"நான்தான் அப்பான்னு தொண்டை கிழியச் சொன்னேன், ஒருத்தனும் ஒத்துக்கல. இப்ப ஆட்சேபணை இல்லன்னு சைன் போட மட்டும் அப்பா வேணுமாம்" என்றார். போட்டார். போட்டுவிட்டு லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது.

அவளுக்கு நான் என்ன கொடுத்தனுப்ப முடியும்? எனக்குத் தெரிந்தது பைதான். பெரிய பையாக, ஒரு பக்கம் அப்பாவும் அவளும், இன்னொரு பக்கம் பண்டமாரான் வீடும், எங்கள் கல்யாணப் படத்தை இந்த முறை சரியாக மாற்றி எடுத்து உள்ளே லைனிங்கிலும் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"போட்டோ வேணாம் மம்மி. ப்ளெயினா தைங்க."

"உள்ளதான்டி போடறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல. அந்தக் கல்யாணத்த இத்தன வருஷம் தூக்கிட்டு அலைஞ்சேன். இனியும் தூக்கணுமா?"

என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். கறுப்புக் கேன்வாஸில் படமே இல்லாத ஒரு பை தைத்தேன். மேல் எது கீழ் எது என்று பார்க்க வேண்டாம், ஊசி யார் முகத்திலும் ஏறாது, தரையில் வைக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இத்தனை சுலபமான வேலையைச் செய்து முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. தைத்த கைப்பிடியைப் பிரித்துப் பிரித்து மறுபடியும் தைத்துக்கொண்டிருந்தேன். பை முடிந்தால் அவள் கிளம்பிவிடுவாள் அல்லவா.

அடுத்த வாரம் கிளம்புகிறாள். திரும்பி வந்து எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றுலாப் பயணியாக வர வேண்டும். எத்தனை நாள் தங்குவாய், எங்கே தங்குவாய் என்று கேட்பார்கள். தன் வீட்டு முகவரியை எழுதிக் காட்டுவாள்.

ஊரில் இருக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது பழகிவிட்டது. கரூரில் பஸ்ஸிலோ, ஆஸ்பத்திரி வார்டிலோ, கடையிலோ, மலாய் வாடையோடு தமிழ் பேசுகிற ஒரு பெண்ணைப் பார்த்தால் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். பேச்சின் முடிவில் 'லா' போட்டால் சிரிக்காதீர்கள். கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தால் படித்து முடிக்கும்வரை நில்லுங்கள். அவளுடைய பாஸ்போர்ட்டில் இந்தியர் என்றுதான் இருக்கும். ஆனாலும், "உனக்குச் சொந்த ஊர் எதும்மா?" என்று நீங்கள் கேட்டால், அவள் கிள்ளான் என்றுதான் சொல்வாள். நீங்களாவது அவளைத் திருத்தாதீர்கள்.